சூரியனின் தூரம் அறிந்தவருக்கு

நேற்றுக் காலை பேத்தி கடையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்து, கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி டப்பாவில் கொட்டினாள். அடுப்படியில் நின்ற எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. தவிடு. பம்பாய்ப் பக்கம் வாஷியில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில், பளபளவென்று படம் போட்ட பாக்கெட்டில் தவிடு விற்கிறார்கள்.

"ஆச்சி, இது ரொம்ப ஹெல்தி. அப்பா சுகருக்கு நல்லதாம். தினமும் மோர்ல போட்டுக் குடிக்கணும்."

"கொண்டுபோய்க் குப்பையில போடுட்டி."

"ஏன் ஆச்சி, கெட்டுப்போச்சா?"

"கெட்டுத்தான் போச்சு. நீ பெறக்கதுக்கு முன்னாலயே கெட்டுப்போச்சு."

அவள் சிரித்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா, நம் மதி, சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவை மூடி மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் வரும். பேத்திக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்க வராது. மேசைமேல் போட்டு வைத்தாலும் பயமில்லை. இறந்தவர்களைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். உங்களைப் பற்றி நல்லது சொல்ல ஊர் இருக்கிறது. நீங்கள் போனபோது படிப்பகத்துக்காரர்கள் படத்துக்கு மாலை போட்டு, தாராவிக்கு வானத்தைக் கொண்டுவந்தவர் என்று பேசினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

அந்தக் கிரேக்கரை நீங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்ததிலிருந்து தொடங்க வேண்டும். மாட்டுங்காவில் நீங்கள் கம்பாசிட்டராக இருந்த அச்சகத்துக்கு, பென்ஷன் வாங்கிய ஒருவர் பழங்கால வானியல்காரர்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதிக் கொடுத்திருந்தார். ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரி வரியாக அடுக்கியது நீங்கள். சாயங்காலம் வந்து, மை ஏறிய விரல்களைச் சோப்பில் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"சாமோஸ்னு ஒரு தீவு. அங்க அரிஸ்டார்க்கஸ்னு ஒரு ஆளு. ஏசுநாதர் பெறக்கதுக்கு எவ்வளவோ முன்னால. சூரியன் நம்மளச் சுத்தல, நாமதான் சூரியனச் சுத்துதோம்னு சொல்லிப்புட்டான்ட்டி!"

"சரி, அதுக்கு இப்ப நான் என்ன செய்யணும்? சோத்தப் போடவா?" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தீர்கள். அப்படிச் சிரிக்கிற ஆள்தான் நீங்கள். அது இல்லாமல் போயிருந்தால் எனக்கு இத்தனை கோபமும் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் பேசுவதற்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் ஒத்திகை நடக்கும். பெண்கள் படிப்பகத்துக்குள் போவதில்லை அப்போது. இருந்தும் அங்கே உட்கார்ந்து கைதட்டினவர்களைவிட எனக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். நம்முடையது ஒரே அறை. நடுவில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, "இதுதான் சூரியன். நீ பூமி. நடட்டி" என்பீர்கள். நான் வயிற்றுப்பிள்ளைக்காரி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஸ்டவ்வைச் சுற்றுவேன். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அத்தை கத்துவார்கள்.

"ஏல, பிள்ளத்தாச்சியப் போட்டு எதுக்குல செக்கு மாடு மாதிரி சுத்த விடுத?"

"மாடில்லம்மா, பூமி."

"உம் மூஞ்சி."

பாதி நிலா தெரிகிற நேரத்தில், நிலா நிற்கிற இடத்தில் தச்சனுடைய மூலைமட்டம்போல ஒரு கோணம் விழும் என்றும், இங்கே நாம் நிற்கிற இடத்துக் கோணத்தை அளந்தால் சூரியன் நிலாவைவிட எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றும் அந்தக் கிரேக்கர் கண்டுகொண்டாராம். அளந்த கணக்கு பிசகிவிட்டது. சூரியன் அவர் நினைத்ததைவிட இன்னும் எவ்வளவோ தூரம். "அளந்தது தப்பு. அளக்கலாம்னு நெனச்சான் பாரு, அது சரி" என்பீர்கள். சூரியன் பூமியைவிடப் பெரியது என்று மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிந்துபோயிற்று. "அவ்வளவு பெருசு எதுக்கு இந்தச் சின்னதச் சுத்தணும்?" என்று கையை விரிப்பீர்கள். அதற்கப்புறம் குரலை இறக்குவீர்கள். பெரிய ஞானி என்று பேர் வாங்கின ஒருவர், உலகத்தை அதன் இடத்திலிருந்து அசைத்தவன் மேல் தெய்வநிந்தனை வழக்குப் போட வேண்டும் என்று சொன்னாராம். சூரியனைப் பற்றி அரிஸ்டார்க்கஸ் எழுதியதே காணாமல் போய்விட்டதாம். இன்னொருவர் தன் புத்தகத்தில் எழுதின சில வரியால்தான் நமக்குத் தெரியுமாம். அங்கே நிறுத்தி, எங்களை, அதாவது என்னையும் ஸ்டவ்வையும் அத்தையையும் பார்த்துக் கேட்பீர்கள்: "தோழர்களே! அன்னைக்கு அவன் பக்கம் ஒருத்தனாவது நின்னானா?"

அத்தை வெற்றிலை உலக்கையை வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவ்வளவு நன்றாக இருக்கும்.

"அவருக்குப் பொண்டாட்டி இருந்தாளா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியலட்டி. புத்தகத்துல இல்ல."

"அதெல்லாம் எழுத மாட்டாவ."

அந்தத் தை மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். எட்டுக் கிரகமும் மகரத்தில் கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று பம்பாயே நடுங்கியது. செத்தாலும் சொந்த மண்ணில் சாவோம் என்று மூட்டை கட்டி ரயில் ஏறினவர்கள் நம் வரிசையிலேயே உண்டு. அடுத்த தெருவில் பந்தல் போட்டு, ஸ்பீக்கர் கட்டி ஹோமம். செம்பூரில் மளிகைக்கடை வைத்திருந்த உங்கள் அண்ணன், எனக்கு அத்தான், அதற்கு நெய் டின் அனுப்பியவர். அந்த வாரம் ஒருநாள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னார்:

"ஏல, இந்த ஒரு வாரம் வாய வச்சிக்கிட்டுச் சும்மா கெட. கிரேக்கன் அரேபியன்னு எவனையும் இழுக்காத."

"சரி அண்ணாச்சி" என்றீர்கள். அவர் தெருமுனை தாண்டிய பிறகு, "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்றீர்கள். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் பேசப் போனீர்கள். அதை நான் மறுக்கவில்லை. கிரகங்கள் கூடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் வைத்தீர்கள். ஒரு பக்கம் ஸ்பீக்கரில் மந்திரம், மறுபக்கம் உங்கள் அரிஸ்டார்க்கஸ். நடுவில் எனக்கு வலி கண்டது. பக்கத்து அறை மரியாக்கா வந்து வெந்நீர் வைத்தார்கள். நீங்கள் கழுத்தில் மாலையோடு வந்து நிற்கும்போது பிள்ளை பிறந்து துணியில் சுற்றியாகிவிட்டது.

"பொட்டப்பிள்ள. அதுவும் இன்னைக்குப் பாத்து" என்றார்கள் அத்தை.

நீங்கள் மாலையைக் கழற்றி என் கால்மாட்டில் வைத்துவிட்டுக் குனிந்து, "மதி" என்றீர்கள். "பாத்தியா? உலகம் அப்படியேதான் நிக்கி."

"நிக்கலைன்னு நீங்கதான சொன்னிய. சுத்துதுல்லா?"

சிரித்தோம். சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

உலகம் அழியாமல் போனதில் நிறையப் பேருக்கு ஏமாற்றம். பயந்தவர்களுக்கும் பயமுறுத்தியவர்களுக்கும் அந்தப் பயத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. என் பிள்ளை கிடைத்தாள். உலகத்துக்கு வந்தது பிள்ளைமேல் இறங்கிவிட்டது, அதனால்தான் நாம் தப்பித்தோம் என்று ஹோமத்துக்கு நாள் குறித்த அதே சோசியர் அத்தானிடம் சொன்னாராம். தகப்பன் உயிருக்கு ஆகாது, தவிட்டுக்கு விற்றுவிடுங்கள் என்றாராம்.

அந்த வழக்கம் எனக்குப் புதிதில்லை. பிள்ளைக்கோ பெற்றவருக்கோ ஆகாது என்றால் அரிசி புடைக்கிற சுளவில் தவிட்டைப் பரப்பிப் பிள்ளையைக் கிடத்தி, வேறு ஒருத்தி கையில் கொடுப்பார்கள். அவள் விலையாகத் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். உடனேயே, "எம் பிள்ளைய நீ வளத்துத் தா" என்று தாயிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிச்சை, பிச்சம்மாள் என்று ஒரு பேர் வைப்பார்கள். சாமியை ஏமாற்றுகிற விளையாட்டு. என் தங்கச்சியையே அப்படி விற்று வாங்கியிருக்கிறார்கள். பாயசம் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

"அம்மா மனசுக்காகத்தானட்டி. சாயங்காலத்துக்குள்ள பிள்ள உன் மடியில இருக்கும்" என்றீர்கள். நம்பினேன்.

தீட்டுக் கழிந்த அன்று அத்தானும் அக்காவும் டாக்ஸியில் வந்தார்கள். அக்கா என்றால் அத்தானின் மனைவி. கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளை இல்லை அவளுக்கு. சுளவின் ஒரு பக்கத்தை அத்தை பிடித்தார்கள், மறுபக்கத்தை நீங்கள். அக்கா பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

அத்தான்தான் பேசினார். "ஒரு வருசத்துக்குத் தகப்பன் மூஞ்சில பிள்ள முழிக்கப்பிடாதாம். சோசியர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் எங்ககூட இருக்கட்டும்."

நான் உங்களைப் பார்த்தேன். வெறும் சுளவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"என்னங்க, சொல்லுங்க!"

"ஒரு வருசந்தான? அண்ணாச்சி வீடு என்ன வேத்து வீடா?"

டாக்ஸி போய்விட்டது. தவிடு அறையில் இருந்தது. அதைத்தான் பெற்றிருந்தேன் நான்.

பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலில் கிடந்தேன். ஒரு தரம் செம்பூருக்குப் போய்க் கதவைத் தட்டினால், "புட்டிப்பாலுக்குப் பழகிட்டா, நீ வந்து குழப்பாத" என்று அக்கா உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை வந்தது, பேசப் போனீர்கள். உலகம் அழியாத தெம்பில் கூட்டம் வெளியே வரைக்கும் நின்றதாம். "அவன் பக்கம் ஒருத்தனாவது நின்னானா?" என்று உங்கள் குரல் கேட்டது. படிப்பகம் அவ்வளவு பக்கம். கைதட்டும் கேட்டது. ரவிக்கை நனைந்து உட்கார்ந்திருந்த நான் தட்டவில்லை.

சூரியன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஊருக்கு விளக்கினவருக்கு, தாராவியிலிருந்து செம்பூர் தூரமாகிப்போயிற்று. பெரியது சின்னதைச் சுற்றாது என்று சொல்வீர்களே, உங்கள் விஷயத்தில் அது சரிதான். பம்பாய்க்குக் கூட்டிவந்து வேலை வாங்கித் தந்த அண்ணாச்சி பெரியவர். அவரையே நீங்கள் சுற்றினீர்கள். நானும் பிள்ளையும் உங்கள் கணக்கில் எங்கே இருந்தோம்?

முதல் பிறந்தநாள் முடிந்ததும் உங்களை அனுப்பினேன். லட்டோடு வந்தீர்கள். பிள்ளை வரவில்லை.

"இப்பப் பிரிச்சா ஏங்கிருவாளாம். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுதாவ."

"யாரு சொல்லுதா?"

"மதினிதான்."

"நீங்க என்ன சொன்னிய?"

லட்டைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தட்டை நான் வாசலில் எறிந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது. அதன் பிறகும் நீங்கள் போகவில்லை. அடுத்த அமாவாசை, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை என்று நாள் தள்ளினீர்கள்.

நான் மாட்டுக்கொட்டகைக்கு, தபேலாவுக்குப் போனேன். எருமைகளுக்குப் போடத் தவிடு மூட்டை அடுக்கியிருப்பார்களே, அங்கே. ஒரு பை நிறையக் கேட்டேன். பால்கார பையா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உன் எருமை எங்கே என்று இந்தியில் கேட்டான். "செம்பூர்ல இருக்கு. நெத்தியில பட்டை போட்டிருக்கும்" என்று தமிழில் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை, சிரித்தான்.

சாயங்கால வியாபார நேரம். கடையில் நல்ல கூட்டம். அத்தான் கல்லாவில் இருந்தார். நான் பையைத் தூக்கி அவர் முன்னால் பலகைமேல் கவிழ்த்தேன். துவரம்பருப்பு, தராசு, அவர் சட்டை எல்லாவற்றிலும் தவிடு.

"ஏ, என்ன கூத்து இது? யாவாரம் நடக்கிற எடம்!"

"யாவாரந்தான் அத்தான். நீங்க குடுத்த வெலைய நான் திருப்பிக் குடுத்துட்டேன். எம் பிள்ளையத் தாங்க."

"உள்ள வா. பேசுவோம்."

"உள்ள என்ன பேச்சு? வித்தது எல்லாருக்கும் தெரியும்லா. வாங்குறதும் தெரியட்டும்."

கூட்டத்தில் நம் ஊர்ப்பக்கத்துக் கிழவி ஒருத்தி இருந்தாள், யார் என்று இன்றைக்கும் தெரியாது. கையில் எண்ணெய்ப் புட்டியோடு, "தவிடு வந்திட்டுன்னா பிள்ளையக் குடுக்கணும்யா. அதான மொற?" என்றாள். "ஆமா, அதான மொற" என்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எந்த வழக்கத்தை வைத்து வாங்கினாரோ அந்த வழக்கத்தை வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவருக்குக் கடவுளைவிட வாடிக்கை முக்கியம்.

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மதி என்னைக் கண்டதும் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பாரு, ஒன்னத் தெரியவே இல்ல அவளுக்கு" என்றாள் அக்கா. அவள் உதடு நடுங்கியது. அதைப் பார்த்தேன். பார்த்தும் பிள்ளையைப் பிடுங்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் பிடுங்குவேன்.

"அம்மா, அம்மா" என்று அவளைக் கூப்பிட்டு அழுதுகொண்டே வந்தாள் என் மகள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. என் முகத்தை நகத்தால் பிறாண்டினாள். கண்டக்டருக்குச் சந்தேகம். யார் பிள்ளை என்று இந்தியில் அதட்டினான். "மேரா" என்றேன். என்னுடையது என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரிந்த இந்தி போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, தொண்டை கட்டிப்போன பிள்ளையை உங்கள் முன்னால் இறக்கினேன். நீங்கள் அவளைத் தூக்குவீர்கள் என்று பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

"இனி அண்ணாச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அந்த ஒரு வாக்கியத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

அதோடு பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். அரிஸ்டார்க்கஸும் இல்லை, பாதி நிலாவும் இல்லை. படிப்பகத்துக்காரர்கள் வந்து கெஞ்சினால் தொண்டை சரியில்லை என்றீர்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே பேசியதை வீட்டுக்குள் செய்யுங்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். நீங்கள் இரண்டையும் விட்டீர்கள்.

மனிதன் நிலாவில் இறங்கிய வருஷம் மதி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தெருவெல்லாம் ரேடியோவைச் சுற்றி நின்றது. ரேடியோ கேட்டுவிட்டு வந்தவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "அப்பா, நான் பெறந்தப்போ கிரகமெல்லாம் ஒண்ணாச் சேந்துச்சாமே. அதுக்குத்தான் என்னைய வித்தீங்களா? எல்லாரும் சொல்றாங்க."

நான் திரைக்கு இந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"ஒங்க ஆச்சிதான்மா. பழைய காலத்து மனுசி. அவளுக்கு என்ன தெரியும்?" என்றீர்கள்.

அத்தை அப்போது இல்லை. அந்த மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில்தான் போனார்கள். அவர்கள்மேல் எனக்கு மலைபோலக் கோபம் உண்டு. ஆனால் அவர்கள் நம்பினார்கள். மகன் செத்துப்போவான் என்று மெய்யாகவே நடுங்கினார்கள். மாவுக் கையோடு வெளியே வந்தேன்.

"மதி, கேளு. சுளவ ரெண்டு பேரு பிடிச்சாவ. இந்தப் பக்கம் ஆச்சி. அந்தப் பக்கம் அப்பா."

நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. அவள் உங்களையே பார்த்தாள்.

"ஏம்ப்பா?"

"பயந்துட்டேம்மா."

"செத்துருவோம்னா?"

"இல்ல. அதெல்லாம் பொய்யின்னு தெரியும். அண்ணாச்சிக்குப் பயந்துட்டேன்."

நிஜத்தைச் சொன்னீர்கள், ஒருவழியாக. அதற்காக என் மனம் இளகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். கிரகத்துக்குப் பயந்திருந்தால்கூட உங்களை விட்டிருப்பேன். அறியாதவர் பயந்தார் என்று அத்தையை விட்டதுபோல விட்டிருப்பேன். நீங்கள் எல்லாம் அறிந்தவர். மகரத்தில் எட்டுக் கிரகம் கூடினாலும் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று அறிந்துகொண்டே சுளவைப் பிடித்தவர்.

போன வருஷம் பேத்தி காலேஜில் ஏதோ எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பழங்கால வானியல் பற்றித் தேடிக்கொண்டிருந்தாள். சூரியனைச் சுற்றித்தான் பூமி என்று முதலில் சொன்னது ஐரோப்பாவில் யாரோ, சில நூறு வருஷத்துக்கு முன்னால் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்துட்டி" என்று சொல்லி எழுந்து நின்று சொன்னேன். சாமோஸ் தீவு, பாதி நிலா, மூலைமட்டம், அளந்தது தப்பு, அளக்கலாம் என்று நினைத்தது சரி. நீங்கள் குரலை இறக்குகிற இடத்தில் எனக்கும் குரல் இறங்கியது. தோழர்களே என்றுகூடச் சொல்லிவிட்டேன். பேத்தி போனைப் பிடித்துப் பதிவு செய்தாள்.

முடித்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் மதி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அந்தப் பேச்சை உங்கள் வாயால் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"அம்மா, அப்பா இத நல்லாச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லாச் சொல்லுவாவ" என்றேன்.

ஒரு சொல் பிசகாது. கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்த்துப்போகும். அவ்வளவு நன்றாகச் சொல்வீர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.